பிரசவத்திற்குப் பின் தோன்றும் மனச்சோர்வு

பிரசவமான வீட்டிற்குச் செல்லும் ஊழியர் சிசுவை நிறுத்துப் பார்க்கிறார், தொப்புளைக் கவனிக்கிறார், தாய்ப்பால் போதுமாவென்று விசாரிக்கிறார். தாயின் உறக்கத்தைப் பற்றிக் கேட்பது அரிது.

பிரசவித்த சில நாட்களில் தாய்மார் பலருக்குக் காரணமின்றி அழுகை வருவதுண்டு. இது நோயன்று; இரண்டு வாரங்களுக்குள் தானே தணியும். அதற்குப் பின்னரும் சோகம் நீடிப்பின் மனச்சோர்வு எனச் சந்தேகித்தல் வேண்டும். குழந்தை உறங்கும்பொழுதும் தாய்க்கு உறக்கம் வாராமை முக்கியமான குறி. பசியின்மை, சிசுவிடம் பற்றின்மை, தான் தகுதியற்ற தாய் என்னும் எண்ணம் ஆகியவையும் காணப்படும். ஆயினும் பெண்கள் பலர் மனத்தைக் குறித்துப் பேசார். அசதி, தலைபாரம், உடல்வலி என்றே கூறுவர். இரத்தசோகையும் இவ்வாறே தோன்றுமாதலால் இரத்தப் பரிசோதனையும் அவசியம்.

கோவாவில் நடத்தப்பெற்று 2002-இல் வெளியான ஆய்வில், பிரசவமாகி 6 முதல் 8 வாரங்களான தாய்மாருள் சுமார் 23 சதவிகிதத்தினரிடம் இந்நோய் காணப்பட்டது. வறுமையும், கணவனோடு இணக்கமின்மையும், ஆண் மகவை எதிர்பார்த்த இல்லத்தில் பெண் பிறந்ததும் அதனோடு தொடர்புற்றிருந்தன. ஆகவே, இதனைத் தாயின் மனவுறுதிக் குறைவென்று கூறுதல் தகாது.

ஆஷா ஊழியர் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீடு செல்கின்றனர். இவற்றுள் 21-ஆம் நாளும் அதற்குப் பிந்தியவையுமே இக்கேள்விக்கு உரியவை. தாயைத் தனித்துக் கேட்டல் நலம். மாமியார் அருகிலிருப்பின் 'சௌக்கியம்' என்பதே விடையாகும்! 1987-இல் வெளியான எடின்பரோ வினாத்தாளில் கடந்த 7 நாட்களைப் பற்றிய 10 வினாக்கள் உள்ளன. இறுதி வினா தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. கேட்பதனால் அவ்வெண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது. 'ஆம்' எனில் அவளைத் தனியே விடாது அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும்.

ஆயிரத்தில் ஓரிரு தாய்மாருக்குப் பிரசவித்த சின்னாட்களிலேயே சித்தம் கலங்கிப் பிறர்க்குக் கேளாத குரல்கள் கேட்கும். இதனைப் பேய் பிடித்ததாகக் கருதி மந்திரவாதியிடம் நாட்களை வீணாக்குவது தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்தாகும்.

மற்றவர்களை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்பலாம். பால் கொடுக்கும்பொழுதே உட்கொள்ளத்தக்க மருந்துகள் உள்ளன; மருத்துவரைக் கேளாது நிறுத்தலாகாது. 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இரவில் ஒருமுறையேனும் குழந்தையைக் கணவரோ பாட்டியோ ஏந்திக்கொண்டு, தாய் சில மணி நேரம் தொடர்ந்து உறங்க இடமளிப்பதும் சிகிச்சைக்குத் துணையாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: தம்பி தங்கை பிறந்தபின் மூத்த பெண் பல நாட்கள் பள்ளிக்கு வாராதிருப்பின், அவள் தாயின் நிலையை விசாரித்துக் கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரிவிக்கவும்.