குடியிருப்பவர் செய்த ரிப்பேர் யார் கணக்கில்?

கேள்வி: கிருமாம்பாக்கம் பக்கம் பழைய தளம் போட்ட வீடு ஒன்றை வாங்கி 6,500 ரூபாய் வாடகைக்கு விட்டிருக்கிறேன். 11 மாத ஒப்பந்தம் முடிந்த பிறகும் அதே வாடகையை வாங்கி வந்தேன். குடியிருப்பவர் என்னைக் கேட்காமல் தளத்து ஒழுகலைப் பூசி, போர் மோட்டாரையும் புதிதாக மாற்றிவிட்டு, 31,000 ரூபாய் ஆனதாகச் சொல்லி நான்கு மாதமாக வாடகை தரவில்லை. என் பெயரில் உள்ள மின் இணைப்புக்கு மூன்று பில்லும் நிற்கிறது. முன் அறையில் இரண்டு மெஷின் போட்டு ஜாக்கெட் வேறு தைக்கிறார். மெயினை இறக்கிவிடலாமா?

– ஓய்வு பெற்றவர், பாகூர் கொம்யூன்

பதில்: மெயினில் மட்டும் கை வைக்காதீர்கள். மின்சாரம் அடிப்படை வசதி, வீட்டுக்காரர் தடையில்லாச் சான்று தர மறுத்தாலும் வாடகைதாரருக்கு அதை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம் திலீப் – சதீஷ் வழக்கில் சொல்லிவிட்டது. நீங்கள் இறக்கினால் மறுநாளே அவர் தடை உத்தரவு கேட்டுப் போவார். உங்கள் நான்கு மாத வாடகைப் பாக்கியைப் பற்றி அங்கே யாரும் பேச மாட்டார்கள்.

ரிப்பேர் விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் பலமாகவே இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்தும் வாடகை வாங்கியதால், சொத்து மாற்றுச் சட்டம் 116-ஆம் பிரிவுப்படி குத்தகை மாதா மாதம் தொடர்கிறது. பழைய நிபந்தனைகளே பெரும்பாலும் செல்லும். ஆகவே அந்தப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். 108-ஆம் பிரிவின்படி, வீட்டுக்காரர் செய்தே ஆக வேண்டிய ரிப்பேரை, தகவல் கொடுத்த பிறகும் நியாயமான காலத்துக்குள் செய்யாவிட்டால்தான் குடியிருப்பவர் தானே செய்து, வட்டியோடு வாடகையில் கழிக்கலாம். "ரிப்பேர் வீட்டுக்காரர் பொறுப்பு" என்று பத்திரத்தில் இல்லை, முன்கூட்டியே தகவலும் இல்லை என்றால் கழிக்கும் உரிமை அவருக்கு எழவில்லை.

ஆனாலும் தளம் உங்களுடையது. ஒருமுறை போய், அண்ணாந்து பாருங்கள். பூச்சு நிஜமாகவே நடந்திருந்தால், கொத்தனார் கூலி, சிமென்ட் பில் பார்த்து ஒரு தொகைக்கு ஒத்துக்கொள்வது வழக்குச் செலவைவிட மலிவு. மோட்டார் வேறு கதை. தான் பொருத்தியதை, வீட்டை முன்பு இருந்த நிலையில் விட்டுவிட்டு, அவர் கழற்றிக்கொண்டு போகலாம். உங்கள் பழைய மோட்டார் எங்கே என்று இப்போதே கேட்டுவையுங்கள். காயலான் கடைக்குப் போயிருந்தால் அதையும் கணக்கில் சேருங்கள்.

மின் பாக்கிதான் அவசரம். இணைப்பு உங்கள் பெயரில் இருப்பதால் மின்துறை உங்களைத்தான் கேட்கும். 15 நாள் நோட்டீஸ் கொடுத்துத் துண்டிக்கவும் செய்யும். இப்போதைக்கு நீங்களே கட்டி, ரசீதை வைத்து அவரிடம் கேளுங்கள். தையல் மெஷினை நான் அதைவிடப் பெரிதாகப் பார்க்கிறேன். வீட்டு உபயோக இணைப்பில் கடை நடப்பதாக மின்துறை முடிவு செய்தால், மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம். எப்போது ஆரம்பித்தது என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குப் போடுவார்கள்.

அவர் அட்வான்ஸ் கொடுத்திருந்தால், பாக்கிக்கு அதை இப்போதே கழித்துவிடாதீர்கள், உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். வருமான வரியில் நீங்கள் ரிப்பேருக்குக் கொடுப்பதைத் தனியாகக் காட்ட முடியாது. வாடகையில், கொம்யூன் பஞ்சாயத்துக்கு நீங்கள் கட்டிய வீட்டு வரி போக மீதியில் 30 சதவீதம் கழிவு உண்டு. செலவு ஒரு ரூபாயானாலும் லட்சமானாலும் அதே 30தான்.

வாடகைப் பாக்கி, மின் பாக்கி, இனி எழுத்தில் கேட்காமல் எந்த வேலையும் செய்யக்கூடாது, தையல் வேலைக்குத் தனி இணைப்பு – இந்த நான்கையும் எழுதி, பதிவு வசதியோடு ஸ்பீட் போஸ்ட்டில் இந்த வாரமே அனுப்புங்கள்.