எடை குறைப்பு ஆபரேஷனும் அதன் பின் மாறும் உருவமும்

இரைப்பையைச் சுருக்கி உடல் எடையைக் குறைக்கும் ஆபரேஷன் நம் குடும்பங்களுக்கு இப்போது புதிதல்ல. ஒடுகத்தூர், அணைக்கட்டு போன்ற ஊர்களிலிருந்து சுகருக்கும் மூட்டு வலிக்கும் வேலூர் ஆஸ்பத்திரிகளுக்குப் போய்க் கொண்டிருந்தவர்களில் சிலர், இன்று இந்த ஆபரேஷனுக்காக வேலூருக்கும் சென்னைக்கும் போகிறார்கள். போகும் முன் “மார்க்கத்தில் இது ஆகுமா?” என்று கேட்கிறார்கள். போய் வந்து ஆறு மாதமான பிறகு எழும் கேள்வியைப் பெரும்பாலோர் வாய்விட்டுக் கேட்பதில்லை. “எடை குறைந்துவிட்டது, ஆனால் கண்ணாடியில் தெரிகிற இந்த உடலைப் பார்த்தால் மனம் ஒப்பவில்லையே, இது நன்றி கெட்ட குணமா?” என்பதே அந்தக் கேள்வி. முதல் கேள்விக்குச் சுருக்கமாகவும், இரண்டாவதற்குச் சற்று விரிவாகவும் இப்பாடத்தில் விடை காண்போம்.

இந்த ஆபரேஷனில் இரண்டு வகை பெருவழக்கில் உள்ளன. ஒன்றில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலாக வெட்டி எடுத்துவிட்டு, குழாய் போன்ற ஒரு பகுதியை மட்டும் விட்டு வைக்கிறார்கள். பசியைத் தூண்டும் ஒரு சுரப்பு நீர் பெரும்பாலும் வெட்டி எடுக்கும் பகுதியிலிருந்தே வருவதால் பசியும் குறைகிறது. மற்றொன்றில் இரைப்பையின் மேற்புறம் ஒரு முட்டையளவே உள்ள பையை அமைத்து, சிறுகுடலை நேரே அதனுடன் இணைத்து விடுகிறார்கள். இரண்டும் பெரிய ஆபரேஷன்களே. வயிற்றில் நாலைந்து சிறு துளைகளோடு முடிந்து விடுவதால் சிறிய காரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம்.

இது யாருக்கு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் உயரமும் 80 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 35.5 வரும். 2022ஆம் ஆண்டு சர்வதேச மருத்துவச் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறைப்படி 35க்கு மேற்பட்டவர்களுக்கும், சுகர் போன்ற நோய் இருந்தால் 30க்கு மேற்பட்டவர்களுக்கும் இந்த ஆபரேஷனைப் பரிந்துரைக்கலாம். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே சுகர் வந்துவிடுவதால் 27.5லிருந்தே இதை எடுத்துச் சொல்லலாம் என்கிறார்கள். மத்திய அமைச்சராயிருந்த அருண் ஜேட்லி 2014இல் இந்த ஆபரேஷனைச் செய்து கொண்டது சுகரைக் கட்டுப்படுத்தவே.

அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவது ஷைத்தானின் தூண்டுதல் என்று அன்னிஸா அத்தியாயத்தில் வந்துள்ள எச்சரிக்கை நமக்குத் தெரியும். நோயை நீக்குவதற்காகச் செய்யும் காரியம் அந்த எச்சரிக்கைக்குள் அடங்காது என்பதற்கு அர்ஃபஜா (ரலி) அவர்களின் சம்பவம் சான்று. போரில் மூக்கை இழந்த அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்திக் கொண்டார்கள். அதில் துர்நாற்றம் ஏற்பட்டபோது, தங்கத்தால் செய்து கொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். ஆண்களுக்குத் தங்கம் தடுக்கப்பட்ட மார்க்கத்தில் இத்தகைய அனுமதி கிடைத்தது என்றால், தேவைக்கு நம் ஷரீஅத்தில் எவ்வளவு இடமுண்டு என்பதை உணரலாம். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2007ஆம் ஆண்டு மலேசியாவின் புத்ரஜெயாவில் கூடியபோது இதைப் பற்றியும் முடிவு செய்தது. எடை ஒரு நோயாகிவிட்ட நிலையில், வேறு வழி இல்லாதபோது, தீங்கிலிருந்து பாதுகாப்பு இருக்குமானால் ஆபரேஷன் மூலம் எடையைக் குறைப்பது ஆகும் என்பதே அம்முடிவின் சாரம்.

நோய்க்காக ஆகும் என்பதை, நிக்காஹுக்காகவும் ஆகும் என்று சிலர் விரித்துக் கொள்கிறார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் “பொண்ணு கொஞ்சம் பருமன்” என்று சொல்லிப் போனதற்காக, சுகரும் இரத்தக் கொதிப்பும் இல்லாத இருபது வயதுப் பெண்ணை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைப்பது மருத்துவம் ஆகாது. அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் சத்து மாத்திரை சாப்பிட வேண்டும்; ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். இத்தனைக்கும் பிறகு பெற்றோர் எதிர்பார்த்த உருவம் கிடைக்குமா என்றால், கிடைக்காமலும் போகலாம்.

என்ன கிடைக்கும் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே வீட்டார் அனைவரும் தெரிந்து கொள்வது நல்லது. எடை பெரும்பாலும் முதல் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதங்களுக்குள் குறைகிறது. முகத்தில்தான் அது முதலில் தெரியும். கன்னம் ஒட்டி, கண்கள் குழி விழுந்து, சில மாதங்களில் பத்து வயது கூடியது போலத் தோன்றும். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதத்திற்குள் தலைமுடி கொத்துக் கொத்தாக உதிரத் தொடங்கும். பல ஆண்டுகள் இழுபட்டிருந்த தோலின் நார்கள் மீண்டும் சுருங்கும் சக்தியை இழந்து விட்டிருப்பதால் வயிற்றிலும், மேற்கையிலும், தொடையிலும், மார்பிலும் தோல் தளர்ந்து தொங்கும். வயது கூடியவர்களுக்கும், நெடுநாள் பருமனாக இருந்தவர்களுக்கும் இது அதிகம். தேகப்பயிற்சி தசையை வளர்க்கும்; மிஞ்சிய தோலை அது எடுத்து விடாது. தைலமும் களிம்பும் விற்பவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டாம்.

இவை கண்ணுக்குத் தெரிபவை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. உடல் சுருங்கிய வேகத்தில் மனம் சுருங்குவதில்லை. நாற்பது கிலோ குறைந்த பிறகும் பஸ்ஸில் இருவர் சீட்டில் உட்காரத் தயங்குகிறவர்கள், குறுகிய வாசலில் பக்கவாட்டில் திரும்பி நுழைகிறவர்கள், கடையில் பழைய அளவிலேயே உடுப்பு எடுக்கிறவர்கள் உண்டு. மனத்தில் பதிந்துள்ள பழைய உருவம் அழிய ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே கண்ணாடிக்கு முன் மனம் ஒப்பாமல் நிற்பது நன்றி கெட்ட குணம் அல்ல. நோய் குறைந்ததற்கு ஷுக்ரு செய்வதும், தொங்கும் தோலைக் கண்டு துக்கப்படுவதும் ஒரே உள்ளத்தில் ஒரே நேரத்தில் இருக்கக் கூடியவையே.

அந்தத் துக்கத்தைப் பெருக்குவது கண்ணாடியை விட மற்றவர்களின் நாவுதான். பெருநகரத்தில் எடை குறைந்தவரை நாலு பேருக்குத் தெரியும். ஒடுகத்தூர் போன்ற ஊரில் பஸ் நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேருவதற்குள் பத்துப் பேர் நிறுத்திக் கேட்பார்கள். “என்னம்மா, சுகர் முத்திடுச்சா?” “முகமே செத்துப் போச்சே!” “முன்னே இருந்ததே லட்சணமா இருந்துச்சு.” நேற்று வரை இதே வாய்கள்தாம் அவளைப் பருமன் என்று சொல்லிக் கொண்டிருந்தன. இரண்டு ஆண்டு கழித்து நாலைந்து கிலோ திரும்ப ஏறினால் (அநேகமாக எல்லோருக்கும் சிறிது ஏறும்) “அவ்வளவு செலவு செஞ்சும் வீணாப் போச்சு” என்றும் சொல்லும்.

ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் ஒரு முறை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் உயரக் குறைவைச் சுட்டி ஒரு சொல் சொன்னபோது, அந்தச் சொல்லைக் கடலில் கலந்தால் கடல் நீரையே அது மாற்றி விடும் என்ற கருத்தில் நபியவர்கள் கண்டித்ததாக அபூதாவூதில் வருகிறது. சொல்லப்பட்டது பொய்யல்ல, வசையும் அல்ல. உடலைப் பற்றிய ஒரு குறிப்பு, அவ்வளவே. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சிக்காக மரத்தில் ஏறியபோது அவர்களுடைய மெலிந்த கால்களைப் பார்த்துத் தோழர்கள் சிரித்தார்கள். மீஸானில் அக்கால்கள் உஹது மலையை விடக் கனமானவை என்று நபியவர்கள் கூறிவிட்டார்கள். பருமனைப் பார்த்துச் சிரித்தாலும், மெலிவைப் பார்த்துச் சிரித்தாலும் குற்றம் ஒன்றே. “அக்கறையில்தானே கேட்டேன்” என்பார்கள். அக்கறை உள்ளவர் “உடம்புக்கு எப்படி இருக்கிறது?” என்று கேட்டு, வரும் பதிலைக் காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

உலகமே கூடி ஒரு பெண்ணின் உடலை எடை போட்ட சம்பவமும் நம் நாட்டில் நடந்தது. எகிப்தின் அலெக்ஸாந்திரியாவைச் சேர்ந்த ஈமான் அஹ்மத் என்ற 36 வயதுப் பெண், ஏறத்தாழ 500 கிலோ எடையோடு 2017 பிப்ரவரியில் சரக்கு விமானம் ஒன்றில் மும்பைக்குக் கொண்டு வரப்பட்டு, சைஃபி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பல ஆண்டுகளாக வீட்டை விட்டு வெளியே வராதவர். மார்ச் மாதம் ஆபரேஷன் நடந்தது. இன்று இத்தனை கிலோ, நேற்றைக்கு இத்தனை கிலோ என்று பத்திரிகைகள் படத்தோடு கணக்குச் சொல்லிக் கொண்டிருந்தன. மே மாதம் அபூதபிக்கு மாற்றப்பட்டு, அங்கே செப்டம்பர் 25ஆம் தேதி, இருதய, சிறுநீரகக் கோளாறுகளால் அவர் வஃபாத்தானார். அந்தச் செய்திகளைப் படித்தவர்களுக்குக் கிலோக் கணக்கு நினைவிருக்கும். அந்தப் பெண் என்ன பேசினார், எதை விரும்பினார் என்பது எத்தனை பேருக்கு நினைவிருக்கும்? நம் வீடுகளிலும் ஆபரேஷனுக்கு முன், பின் என்று இரண்டு படங்களைச் சேர்த்துக் குடும்பத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். அவளிடம் சம்மதம் கேட்காமல் அனுப்புவது முறையல்ல. அந்நியர் கண்ணில் படுமே என்ற கவலை ஒருபுறம் இருக்க, அவள் மறக்க விரும்பும் உருவமாகவும் அது இருக்கலாம்.

இதை வெறும் மனக்கிலேசம் என்று ஒதுக்கக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் இந்த ஆபரேஷன் செய்து கொண்ட 8,815 பேரைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளிவந்தது. தம்மைத் தாமே காயப்படுத்திக் கொண்டு அவசர சிகிச்சைக்கு வந்தவை, ஆபரேஷனுக்கு முந்திய மூன்று ஆண்டுகளை விடப் பிந்திய மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியளவு கூடியிருந்தன. அப்படி வந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பயந்து ஆபரேஷனைத் தவிர்க்கச் சொல்வதல்ல நம் நோக்கம். ஆனால் அந்த ஒருவர் நம் வீட்டில் இருக்கலாம். சாப்பிட மறுப்பது, சாப்பிட்டதை வேண்டுமென்றே வாந்தி எடுப்பது, யாரையும் பார்க்காமல் அறைக்குள் ஒதுங்குவது, “நான் இருந்து என்ன பயன்” என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால், ஓதிப் பார்ப்பதோடு நிறுத்திக் கொள்ளாமல் மனநல டாக்டரிடமும் அழைத்துப் போக வேண்டும். அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, கட்டணம் இல்லை.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். மனைவியின் உடலில் தழும்பையும் தளர்ந்த தோலையும் கண்டு முகம் சுளித்தால், அவள் அதை ஆயுளுக்கும் மறக்க மாட்டாள். ஆபரேஷனுக்குப் பின் பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதம் வரை கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். எடை குறையும்போது மாதவிடாய் சீராகி, முன்பு கரு தங்காதவர்களுக்கும் எளிதில் தங்கி விடுவதுண்டு. குடலை இணைக்கும் வகை ஆபரேஷனில் கருத்தடை மாத்திரை சரியாக உடலில் சேராமலும் போகலாம். இருவரும் சம்மதித்துத் தற்காலிகமாகக் கருவைத் தள்ளிப் போடுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை. எந்த முறை ஏற்றது என்பதை லேடி டாக்டரிடம் கேட்டுக் கொள்க.

வலீமா விருந்தில் இவர்கள் படும் பாடு தனி. ஒரு கையளவு சாப்பிட்டதும் வயிறு நிரம்பி விடும். பிரியாணிக்குப் பேர் போன ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் “இன்னும் ஒரு கரண்டி” என்று வற்புறுத்துவதைப் பிரியம் என்றே நினைக்கிறோம். அவர்களுக்கு அது நெஞ்சடைப்பும் வாந்தியுமாக முடியும். முதலில் கறியைச் சாப்பிட்டு, இடமிருந்தால் சோறு எடுப்பதே அவர்களுக்குச் சரி. நாள் ஒன்றுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதச் சத்து சேராவிட்டால் முடி உதிர்வதும் பலவீனமும் அதிகமாகும்.

இனிச் சில மஸ்அலாக்கள். கடமையான குளிப்பில், தண்ணீர் சென்று சேரக் கூடிய இடமெல்லாம் நனைய வேண்டும். தொங்கும் தோலின் மடிப்புகளைக் கையால் விலக்கி உள்ளே தண்ணீரைச் செலுத்த வேண்டும், தொப்புளும் அப்படியே. பின்பு மெல்லிய துணியால் ஈரத்தை ஒற்றி எடுப்பது அவசியம். வேலூர்ப் பக்கத்து வெயிலில் மடிப்பில் ஈரமும் வேர்வையும் தங்கினால் புண்ணாகி விடும். தையல் ஆறும் வரை காயத்தில் தண்ணீர் பட்டால் கெடுதல் என்று டாக்டர் சொன்னால், கட்டின் மீது ஈரக் கையால் மஸஹு செய்தால் போதும்.

முடி உதிர்ந்த பெண்கள் சவரி வைக்கலாமா? நோயால் முடி உதிர்ந்த ஒரு மணப்பெண்ணுக்கு ஒட்டு முடி வைக்க அனுமதி கேட்கப்பட்டபோது நபியவர்கள் தடுத்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ். மனித முடியை வைப்பது கூடாது. பட்டு நூல், கம்பளி போன்றவற்றுக்கு ஹனஃபி நூல்களில் அனுமதி காணப்படுகிறது. ஷாஃபிஈ மத்ஹபினர் தம் உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளவும். ஆறேழு மாதம் பொறுத்து, சத்தான உணவும் மாத்திரையும் தவறாமல் எடுத்தால் பெரும்பாலோருக்கு முடி தானே திரும்ப வளர்ந்து விடுகிறது.

மிஞ்சிய தோலை வெட்டி எடுக்கும் ஆபரேஷன் வேறு. எடை இறங்கி, சில மாதங்கள் ஒரே நிலையில் நின்ற பிறகே அதைச் செய்வார்கள். நீண்ட தழும்பு நிலைக்கும். மடிப்பில் அடிக்கடி புண் வருதல், நடக்க இடையூறு, தொழுகைக்குச் சுத்தம் பேணுவதில் சிரமம், மனத்தை வாட்டும் அளவுக்கு விகாரம் ஆகியவற்றை நீக்குவதற்காக என்றால் ஆகும். முன்னே குறிப்பிட்ட அகாடமியின் முடிவு, உடலுக்கும் உள்ளத்துக்கும் தொல்லை தரும் குறையை நீக்குவதையும் அனுமதிக்கிறது. வெறும் அழகுக்காக இயல்பான உருவத்தை மாற்றுவதை அது அனுமதிக்கவில்லை. இன்ஷூரன்ஸ் திட்டங்கள் பெரும்பாலும் இதை அழகுச் சிகிச்சையில் சேர்த்து ஒதுக்கி விடுவதால், கடன் வாங்கும் முன் விசாரித்துக் கொள்வது நல்லது.

நோன்பைப் பொறுத்தவரை, முதல் ஆண்டில் பிடிக்க வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்வது வழக்கம். ஒரே சமயத்தில் நிறையத் தண்ணீர் குடிக்க இயலாத உடல் பதினான்கு மணி நேரம் வறண்டு கிடந்தால் சிறுநீரகம் பாதிக்கும். இத்தகையவர் நோன்பை விடுவது அனுமதிக்கப்பட்டதே. உடல் தேறும் நம்பிக்கை இருப்பதால் ஃபித்யா கொடுத்து முடித்துக் கொள்ள முடியாது, பின்னால் களா செய்ய வேண்டும். பிறகு நோன்பு பிடிக்கத் தொடங்கும்போது, சர்பத்தையும் இனிப்பையும் ஒரேயடியாக உட்கொண்டால் படபடப்பும் வேர்வையும் மயக்கமும் வரலாம். ஒரு பேரீச்சம்பழத்தோடு சில மிடறு தண்ணீர் குடித்து மஃக்ரிப் தொழுதுவிட்டு, அரை மணி நேரம் கழித்து நோன்புக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் குடிப்பது இவர்களுக்குப் பொருந்தும்.