மரக்காணம் உப்பளக் கரை: பயணத்தைத் திட்டமிடும் முறை

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோரில் பெரும்பாலோர் மரக்காணத்தைப் பேருந்துச் சன்னல் வழியே மட்டும் கண்டு கடந்துவிடுகின்றனர். விழுப்புரம் மாவட்டத்தின் இக்கரைக்கு ஒரு முழு நாளை ஒதுக்குவோர், உப்பளம், கழிமுகம், ஏரி, கடல் ஆகிய நான்கையும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கக் காணலாம். ஆனால் இங்கு எப்போது வருவது என்பதே எங்குச் செல்வது என்பதைவிட முதன்மையான கேள்வி.

ஆகவே, முதலில் மாதத்தை முடிவு செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பாத்திகள் நீரில் மூழ்கிக் கிடப்பதால் உப்பெடுப்பு நடைபெறாது. நிவர் (2020), ஃபெஞ்சல் (2024) ஆகிய புயல்கள் நவம்பரில் கரையைக் கடந்ததும் புதுச்சேரியை ஒட்டிய இப்பகுதியிலேதான். மழை ஓய்ந்தபின் பாத்திகளைச் சீராக்கித் தொடங்கும் உப்புத் தொழில் கோடையில் உச்சத்தை அடைகிறது. வலசைப் பறவைகளோ நவம்பரில் வரத் தொடங்கி மார்ச்சுக்குப் பின் வடக்கே திரும்பிவிடுகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து அமைவது பிப்ரவரியிலும் மார்ச்சிலும் மட்டுமே என்பதால், அந்த வாரங்களைத் தேர்வதே சிறந்தது.

அடுத்தது பயண ஏற்பாடு. சென்னையிலிருந்து ஏறத்தாழ 120 கிலோமீட்டர், புதுச்சேரியிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இவ்வூரில் தொடர்வண்டி நிலையம் இல்லை. இரயிலில் வருவோர் திண்டிவனத்தில் இறங்கிச் சாலை வழியாக வரவேண்டும். தங்கும் வசதி புதுச்சேரியில் மிகுதி. ஆனால் விடியலில் உப்பளத்தில் இருக்க வேண்டுமாதலால், அங்குத் தங்குவோர் இருள் பிரியுமுன் புறப்பட வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, உப்பளத்தைக் காணும் முறை. உப்பு வாரும் வேலை வெயில் ஏறுமுன் தொடங்கி நண்பகலுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுவதால், காலை ஆறு மணிக்கு வருபவர் காண்பதைப் பத்து மணிக்கு வருபவர் காண்பதில்லை. ஒரு பாத்தியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாமல், நீர் செல்லும் வரிசையிலேயே நடந்து பார்ப்பது நன்று. கழிமுக ஓடை வழியே வரும் உவர்நீரும் நிலத்தடி உவர்நீரும் முதலில் அகன்ற தேக்கங்களில் நின்று வெயிலில் செறிவு பெறுகின்றன. அங்கே சுண்ணாம்புச் சத்துள்ள பொருள்களும் ஜிப்சமும் படிந்த பின்னரே, செறிந்த நீர் சிறு பாத்திகளுக்குத் திறந்துவிடப்படுகிறது. கரைசலின் அடர்த்தியைக் குறிக்கும் போமே அளவையில் கடல்நீர் ஏறத்தாழ 3 பாகையாக இருக்க, உப்பு படிகமாவது ஏறத்தாழ 25 பாகையில்தான். 30 பாகையை நெருங்குமுன் எஞ்சிய கசப்பு நீரை வடித்துவிடாவிட்டால், அதிலுள்ள மக்னீசிய உப்புகள் விளைச்சலின் தரத்தைக் கெடுத்துவிடும். இக்கணக்கைத் தொழிலாளர்கள் நீரின் நிறத்தையும் படிகத்தின் திரட்சியையும் கொண்டே பெரிதும் அறிந்துகொள்கின்றனர்; இந்த நிலக்காட்சியின் அழகு முழுவதும் அந்த அறிவிலிருந்தும் உழைப்பிலிருந்தும் பிறந்ததாகும்.

எனவே, இது காட்சியிடம் மட்டுமன்று, பிறருடைய பணியிடம் என்ற நினைவு பயணிக்கு வேண்டும். உள்ளே நுழையுமுன் அங்குள்ளோரிடம் அனுமதி கேட்பதும், வரப்பின் மீது மட்டும் நடப்பதும், வேலை செய்வோரைக் கேளாமல் படமெடுக்காதிருப்பதும் இன்றியமையாதவை. பாத்தியின் தரை மிதித்துக் கெட்டிப்படுத்திய களிமண்ணால் ஆனது. அதில் ஒரு காலடி பதிந்தாலும் அவ்விடத்து உப்பில் மண் கலக்கும். வெண்பரப்பில் பட்டு எதிரொளிக்கும் வெயில் கண்ணை வருத்துமாதலால் கறுப்புக் கண்ணாடியும், நிழலே இல்லாததால் தொப்பியும் குடிநீரும் தேவை. அயோடின் கலவாத உப்பை நேரடி உணவுக்கென விற்பது 2006 முதல் தடைசெய்யப்பட்டிருப்பதால், அம்பாரத்து உப்பைச் சமையலுக்கென வாங்க முனைய வேண்டாம்.

நான்காவதாகக் கழுவெளி ஏரிக்குச் செல்லலாம். மழைநீரும் கடல்நீரும் கலக்கும் ஆழமற்ற உவர்நீர் ஏரியான இது, 5,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்புடன் 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை, கூழைக்கடா, உள்ளான், ஊசிவால் வாத்து முதலியவற்றை இங்குக் காணலாம். தொலைநோக்கி இன்றி வருவோருக்கு ஏமாற்றமே மிஞ்சும். அருகே செல்ல முயன்றால் இரைதேடும் கூட்டம் எழுந்து பறந்துவிடும்.

நண்பகல் உணவுக்குக் கடலோரத்துச் சிறு உணவகங்களே ஏற்றவை. இக்கரை உணவைப் பழந்தமிழ் நூலொன்றும் நினைவூட்டுகிறது. பரிசில் பெற்று மீளும் கலைஞர் வறிய கலைஞருக்கு வழியும் வழியிற் கிடைக்கும் உணவும் சொல்லி அனுப்பும் நூல்வகை ஆற்றுப்படை எனப்படும். அவ்வகை நூல்களுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, எயிற்பட்டினத்தில் பரதவர் சுட்ட குழல்மீன் தந்து விருந்தோம்புவதைக் கூறுகிறது. அப்பட்டினத்தை மரக்காணத்தோடு பொருத்திக் காணும் ஆய்வாளர் உளர். இன்றைய பயணி நெத்திலி, சங்கரா, நண்டு என அன்று கரை சேர்ந்தது எது என்று கேட்டு உண்பதே முறை. ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்போது பெரிய மீன்களின் வரத்து குறையும். இவ்வூர் உப்பின் அருமையை நாவில் உணர விரும்புவோருக்குக் கருவாட்டுக் குழம்பு எக்காலத்திலும் உண்டு.

பிற்பகலில் வடக்கே கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டைக்குச் செல்லலாம். 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட அக்கோட்டையின் செங்கல் சுவர்கள் கழிமுகத்தை நோக்கி நிற்கின்றன. சுவர்கள் தளர்ந்திருப்பதால் அவற்றின் மேல் ஏறக்கூடாது. கடலைப் பொறுத்தவரை, இக்கரையில் நீரோட்டம் வலியது. காவலர் இல்லாத இடங்களே மிகுதி என்பதால் நீந்துவதைத் தவிர்த்து, கரையில் நடப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கதிரவன் மறைவதைக் காண விரும்புவோர் கடற்கரையில் காத்திராமல், மாலை ஐந்து மணிக்குள் சாலைக்கு மேற்கேயுள்ள உப்பளங்களுக்குத் திரும்பிவிடுதல் வேண்டும். இருட்டிய பின் வரப்புகளில் நடப்பது ஆபத்தானது.