ஆப்பிளுக்குள் ஒரு ஜன்னல்



வானம் கறுத்தால் நாம் மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். அமெரிக்காவின் ஓக்லஹாமா, கான்சாஸ், டெக்சாஸ் மாநிலங்களில் சிலர் காரை எடுத்துக்கொண்டு அந்தக் கறுத்த வானத்தை நோக்கியே ஓடுகிறார்கள்! இவர்களைப் புயல் துரத்துவோர் என்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்றும் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்றும் அந்தச் சமவெளியில் சந்திக்கின்றன. அதனால் ஏப்ரல் முதல் ஜூன் வரை அங்கே ராட்சத இடிமேகங்கள் கிளம்பும். சிலவற்றிலிருந்து டொர்னாடோ என்னும் சுழற்காற்று தரை இறங்கும்.

இதில் கம்ப்யூட்டருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? காரில் லேப்டாப்தான் அவர்களுக்குக் கண். அமெரிக்காவில் சுமார் 160 டாப்ளர் ரேடார்கள் வானத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துத் தரவு அனுப்புகின்றன. அதைப் படமாக்கிக் காட்ட அவர்கள் விரும்பிப் பயன்படுத்துபவை கிப்சன் ரிட்ஜ் நிறுவனத்தின் ஜி.ஆர். லெவல் 3, ஜி.ஆர். 2 அனலிஸ்ட் ஆகிய மென்பொருள்கள். இவை விண்டோஸில் மட்டும்தான் ஓடும். கையில் இருப்பது ஆப்பிள் லேப்டாப் என்றால்? அதுதான் இந்தக் கட்டுரையின் பாடம்.

ஏன் ஓடாது?

மெக்கானிக்கல் பிரிவு நண்பர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். மெட்ரிக் போல்ட்டை இஞ்ச் நட்டில் போட்டால் ஏறுமா? இரண்டிலும் குற்றமில்லை, மரைதான் வேறு. இங்கே மரை இரண்டு இடத்தில் வேறுபடுகிறது. ஒன்று, ஆபரேட்டிங் சிஸ்டம். "ஒரு ஜன்னல் திற, ஒரு ஃபைலைப் படி" என்று மென்பொருள் கேட்கும் முறை விண்டோஸுக்கு வேறு, மேக்குக்கு வேறு. இரண்டு, பிராசஸர். 2006-இல் மேக்கில் இன்டெல் பிராசஸர் வந்தது, விண்டோஸ் கம்ப்யூட்டரில் உள்ள அதே வகை. 2020 நவம்பரில் எம்1 சிப் வந்ததும் அதுவும் மாறிவிட்டது.

மூன்று வழிகள்

1. பூட் கேம்ப்: 2006-இல் ஆப்பிளே கொடுத்த வழி. ஹார்ட் டிஸ்கைப் பிரித்து ஒரு பாகத்தில் விண்டோஸைப் போட்டுவிடலாம். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால் போதும். முழு வேகமும் கிடைக்கும், கிராபிக்ஸும் முழுசாகக் கிடைக்கும். ஆனால் இன்டெல் மேக்குக்கு மட்டும்தான். இதில் போடும் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-இல் நிறுத்திவிட்டது. ஆக, இது அடைபட்டுக்கொண்டிருக்கும் பாதை.

2. விர்ச்சுவல் மெஷின்: மேக்குக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் விண்டோஸை ஓட்டுவது. பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன் போன்றவை இந்த வகை. புது எம் வரிசை மேக்கில் ஏ.ஆர்.எம். விண்டோஸ் 11-தான் போட முடியும். பேரலல்ஸில் அதை ஓட்ட 2023 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்டே அனுமதி கொடுத்தது. பழைய இன்டெல் மென்பொருளை அந்த விண்டோஸே மொழிபெயர்த்து ஓட்டிக்கொள்ளும்.

3. வொயின்: 1993-இல் தொடங்கிய இலவசத் திட்டம். விண்டோஸே வேண்டாம். மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதை இது நடுவில் நின்று வாங்கி, மேக்குக்குப் புரியும்படி கேட்கும். கிராஸ்ஓவர் என்பது இதன் விலைக்கு விற்கும் வடிவம். இடமும் மெமரியும் மிச்சம். ஆனால் எல்லா மென்பொருளும் ஓடும் என்று உத்தரவாதம் கிடையாது. நாளைக்குப் புயல், இன்றைக்குப் போட்டுப் பார்க்கலாம் என்பவர்களுக்கு இது ஆகாது!

காரில் ஏறும் முன்

மேசையில் ஓடுவது காரில் ஓடும் என்று நம்பக்கூடாது. விர்ச்சுவல் மெஷினில் கவனிக்க வேண்டியவை சில.

மேக்கில் 8 ஜிபி மெமரி இருந்தால் பாதியைத்தான் விண்டோஸுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டுக்கும் மூச்சு வேண்டுமல்லவா?

யு.எஸ்.பி. ஜி.பி.எஸ். கருவியை விண்டோஸுக்குக் கொடுத்துவிட்டால் மேக்குக்கு அது தெரியாது. விண்டோஸில் எந்த காம் போர்ட் நம்பர் விழுந்தது, வேகம் 4800 பாட் தானா என்று பார்த்து மென்பொருளிலும் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் கார் ஓடும், படத்தில் நம் புள்ளி நின்ற இடத்திலேயே நிற்கும்.

இன்னொன்று. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தாலும், விர்ச்சுவல் விண்டோஸ் அதைக் கேபிள் இணைப்பு என்றே நினைக்கும். "அளவான இணைப்பு" என்று நாமே குறிக்கவில்லை என்றால், நடுவழியில் அப்டேட்டை இறக்க ஆரம்பித்து டேட்டாவைத் தின்றுவிடும்.

நான் செய்து பார்த்தது

நான் மாலையில் வேலை பார்க்கும் சர்வீஸ் கடையில், ஒரு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக 2015 மாடல் மேக்புக் ஒன்றை வாங்கிக்கொண்டேன். பேட்டரி கிடையாது, சார்ஜரைப் பிடுங்கினால் அணைந்துவிடும். அதில் பூட் கேம்ப் போட்டேன். விண்டோஸ் எந்தப் பாகத்தில் என்று கேட்கும் திரையில், பூட்கேம்ப் என்று பெயர் உள்ளதை மட்டும் தொட வேண்டும். அவசரத்தில் நான் பக்கத்தில் இருந்ததை அழித்தேன். மினி பிராஜக்ட் ரிப்போர்ட் மொத்தமும் போச்சு. "பேக்கப் எடுத்தியாடா?" என்று சீனியர் அண்ணன் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை. நண்பர்களே, பேக்கப்தான் முதல் படி.

மறுபடி எல்லாம் போட்டு, ஜி.ஆர். 2 அனலிஸ்டின் சோதனைப் பதிப்பை ஏற்றினேன். அமெரிக்க ரேடார்களின் பழைய தரவு எல்லோருக்கும் இலவசம். 2013 மே 31, ஓக்லஹாமாவின் எல் ரெனோ டொர்னாடோவை எடுத்தேன். மாலை 6.03-க்குத் தொடங்கியது என்று படித்திருந்ததால் 18.03 ஃபைலைத் திறந்தேன். திரையில் புயலே இல்லை! மேக்கில் மென்பொருள் சரியாக ஓடவில்லை என்று நினைத்து இரண்டு முறை அழித்துப் போட்டேன். பிறகுதான் உறைத்தது. ரேடார் கடிகாரம் உலகப் பொது நேரம். ஓக்லஹாமா கோடை நேரம் அதற்கு 5 மணி பின்னால். மாலை 6.03 என்றால் ஃபைலில் 23.03. நான் பார்த்தது அங்கே மதியம் 1.03! குற்றம் ஆப்பிளிலும் இல்லை, ஜன்னலிலும் இல்லை, என் கணக்கில்.

23.03-ஐத் திறந்ததும் கொக்கி வடிவில் எதிரொலி தெரிந்தது. காற்று வேகப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்றன. ஒட்டிய இடம்தான் சுழற்சி. ஒவ்வொரு படத்திலும் நிறுத்தி, அடுத்தது எங்கே போகும் என்று பேப்பரில் பென்சிலால் கோடு போட்டேன். முதலில் தென்கிழக்கே போனது. அதே கோட்டை நீட்டினேன். அது கிழக்கே திரும்பி, பிறகு வடகிழக்கே வேகம் பிடித்தது. அகலம் 4.2 கிலோமீட்டர் ஆனது, பதிவான டொர்னாடோக்களிலேயே அதிகம். என் கோடு வேறெங்கோ போய்க்கொண்டிருந்தது.

அன்று அந்தச் சாலையில் டிம் சமராஸ், அவர் மகன் பால், உடன் சென்ற கார்ல் யங் மூவரும் இறந்தார்கள். சமராஸ் சாதாரண ஆளில்லை. கல்லூரிப் பட்டம் இல்லாமலே பொறியாளராக வளர்ந்தவர். 2003-இல் தெற்கு டகோட்டாவில், வரும் டொர்னாடோவின் பாதையில் தன் கருவியை வைத்து, 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியைப் பதிவு செய்தவர். எச்சரிக்கையானவர் என்று பெயர் எடுத்தவர். அவருக்கே இப்படி.

படத்தின் வயது

இதில் நமக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ரேடார் ஒரு முழுச் சுற்று முடிக்க நாலைந்து நிமிடம் ஆகும். மணிக்கு 60 கி.மீ. போகும் புயல் 5 நிமிடத்தில் 5 கி.மீ. நகர்ந்திருக்கும். மேலும் பூமி வளைந்திருப்பதால், 100 கி.மீ. தொலைவில் ரேடாரின் மிகத் தாழ்ந்த கதிர்கூடத் தரையிலிருந்து சுமார் 1.5 கி.மீ. உயரத்தில்தான் போகும். தரையில் நடப்பது அதற்குத் தெரியாது. இதற்கு மேல் விர்ச்சுவல் மெஷின் தயங்குவதும் செல்போன் சிக்னல் விடுவதும் சேர்ந்தால் படம் இன்னும் பழசாகும். பழைய படம் புதுப் படம் போலவே அழகாகத்தான் தெரியும். அதுதான் ஆபத்து.

அதனால் மேக்கிலேயே நேராக ஓடும் ரேடார்ஸ்கோப் போன்ற ஒன்றையும் துணைக்கு வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று நின்றாலும் மற்றொன்று இருக்கும். எதில் பார்த்தாலும், முதலில் மூலையில் உள்ள நேரத்தைப் படியுங்கள், பிறகு படத்தைப் பாருங்கள்.

ராத்திரி நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து, "இதுல மழை வருமான்னு தெரியுமாப்பா?" என்று கேட்டார்கள். "வந்ததுதாம்மா தெரியும். வரப்போறதை நாமதான் யோசிக்கணும்" என்றேன். "அப்ப வெளியிலயும் எட்டிப் பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

நான் இத்தனை பக்கம் எழுதியதை அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்கள்.