இரண்டாம் முறை வரும் இன்வாய்ஸ்

அன்புள்ள தங்கைக்கு,

ஷேர்டு சர்வீஸ் மையம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு பேருக்கு டீம் லீட் ஆகியிருக்கிறாய். முதல் நாளே உன் திரையில் ஒரு டாஷ்போர்டைத் திறந்து காட்டியிருப்பார்கள். ஒருவர் ஒரு நாளில் எத்தனை இன்வாய்ஸ் முடித்தார், ஒரு டிக்கெட்டுக்குச் சராசரியாக எத்தனை நிமிடம் ஆனது, எஸ்.எல்.ஏ. (வேலையை முடிக்க ஒப்புக்கொண்ட கால வரம்பு) பச்சையில் இருக்கிறதா சிவப்பில் இருக்கிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். அந்த எண்களை ஏற்றிக் காட்டுவதுதான் உற்பத்தித்திறன் என்று உன் மேலாளர் சொல்வார். அவருக்கு அவருடைய மேலாளர் அப்படித்தான் சொல்லியிருப்பார். வந்த வேலையை எவ்வளவு வேகமாக முடித்தோம் என்று கேட்பதற்கு முன்னால், அந்த வேலை ஏன் வந்தது என்று கேட்கப் பழகு என்பதற்காகத்தான் இந்தக் கடிதம்.

இந்த ஷேர்டு சர்வீஸ் தொழில் சென்னைக்கு நேற்று வந்ததல்ல. உலக வங்கி தன் கணக்குப் பணிகளுக்காகவும், ஸ்டாண்டர்ட் சார்ட்டர்ட் வங்கி தன் பின்னணிப் பணிகளுக்காகவும் 2001-லேயே இங்கே மையம் திறந்துவிட்டன. பல நாடுகளில் சிதறிக் கிடக்கும் ஒரே மாதிரியான வேலையை ஓரிடத்தில் குவித்தால், செய்முறை சீராகும், ஆள் குறையும், செலவு இறங்கும் என்பதுதான் இதன் அடிப்படைக் கணக்கு. கணக்கு தவறில்லை. ஆனால் அந்தச் சேமிப்பில் பெரும்பங்கு லண்டன் சம்பளத்துக்கும் சென்னைச் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து வருகிறது. அது ஒருமுறை கிடைக்கும் லாபம். அதை உற்பத்தித்திறன் என்று சொல்லிக்கொள்வது, வாடகை குறைந்த வீட்டுக்கு மாறிவிட்டு வருமானம் கூடிவிட்டது என்று மகிழ்வது போலத்தான். வேலையைக் குவித்த பிறகு அது நன்றாக நடக்கிறதா என்பது தனிக் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு பெரிய சான்று கிடைத்திருக்கிறது.

2016 வாக்கில் கனடா மத்திய அரசின் ஊழியர்கள் ஏறத்தாழ 2,90,000 பேர். சம்பள விதிகள் மட்டும் 80,000-க்கும் மேல். நாற்பது ஆண்டுப் பழைய கணினி முறையை மாற்றுவதோடு, 46 துறைகளில் இருந்த சம்பளப் பணியாளர்களையும் நீக்கிவிட்டு, எல்லாவற்றையும் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் மிராமிச்சி என்ற சிறு நகரில் ஒரே மையமாக்குவது திட்டம். (அந்த ஊரைத் தேர்ந்ததற்குக் காரணம் சம்பளக் கணக்கு தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்பதல்ல. துப்பாக்கிப் பதிவேட்டு அலுவலகம் மூடப்படுவதால் அங்கே பறிபோகும் வேலைகளுக்கு ஈடு கட்ட வேண்டியிருந்தது.) துறைகளில் சுமார் 1,200 பணியிடங்கள் போயின, மிராமிச்சியில் ஏறத்தாழ 550 பேர் அமர்ந்தார்கள். ஆண்டுக்கு 7 கோடி டாலர் மிச்சமாகும் என்று எழுதி வைத்திருந்தார்கள். அந்தச் சேமிப்பின் உயிர்நாடி ஓர் உற்பத்தித்திறன் எண்: முன்பு ஒருவர் சராசரியாக 184 ஊழியர்களின் சம்பளக் கோப்புகளைக் கவனித்தார், பீனிக்ஸ் என்ற புதிய முறை வந்ததும் 400 கவனிப்பார். 2016 பிப்ரவரியில் பீனிக்ஸ் ஓடத் தொடங்கியது. ஒருவரால் கவனிக்க முடிந்தது சுமார் 150 கோப்புகள். ஒன்றரை ஆண்டில் தீர்க்கப்படாத சம்பளப் பிழைகளின் மதிப்பு 50 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. சிலருக்குச் சம்பளமே வரவில்லை, சிலருக்கு அதிகமாக வந்து பின்பு திருப்பிக் கேட்கப்பட்டது. 2018-ல் தலைமைத் தணிக்கையாளர் மைக்கேல் பெர்குசன் இதைப் புரிந்துகொள்ளவே இயலாத தோல்வி என்று அறிக்கையில் எழுதினார்.

இது மென்பொருளின் தோல்வி, மையத்தின் தோல்வி அல்ல என்று நீ சொல்லலாம். பாதி உண்மை. செலவைக் கட்டுப்படுத்த மென்பொருளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட செயல்பாடுகளை வெட்டினார்கள், போதிய சோதனை இல்லாமல் ஓடவிட்டார்கள் என்பதெல்லாம் அந்த அறிக்கையிலேயே இருக்கிறது. ஆனாலும் 184 என்ற எண்ணுக்குள் என்ன இருந்தது என்று யோசித்துப் பார். துறையில் அமர்ந்திருந்த அந்தப் பணியாளருக்கு யார் பிரசவ விடுப்பில் போகிறார், யார் தற்காலிகமாக மேல் பதவியில் இருக்கிறார் என்பது தெரியும். தாமதமாக வந்த படிவத்தைத் தேடிப் பிடிப்பார். தப்பாக நிரப்பிய படிவத்தைக் கையோடு திருத்தி வாங்குவார். இவற்றில் எதுவும் ‘கோப்பு கவனித்தல்’ என்ற கட்டத்தில் எண்ணப்படுவதில்லை. பிழை உள்ளே நுழையுமுன் வாசலிலேயே நிறுத்தும் வேலை அது. அந்த ஆளை எடுத்தார்கள், அந்த வேலையும் நின்றது. வாசலில் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய திருத்தம், தொலைதூர மையத்தில் ஒரு டிக்கெட்டாக, பிறகு நினைவூட்டல் மின்னஞ்சலாக, பிறகு எஸ்கலேஷனாகப் பெருகியது. ஒரு தவறான சம்பளம் நான்கு வேலைகளைப் பெற்றெடுத்தால், மையத்துக்கு ஒருபோதும் வேலை தீராது.

இப்போது உன் மேசைக்கு வா. பி.ஓ. (கொள்முதல் ஆணை), சரக்கு வந்து சேர்ந்த பதிவு, இன்வாய்ஸ் மூன்றும் ஒத்துப்போனால் பணம் போகும். ஒத்துப்போகாதது தேங்கும். ஏன் ஒத்துப்போகவில்லை? ஆலையில் யாரோ சரக்கு வந்ததும் கணினியில் ஏற்றவில்லை. கொள்முதல் பிரிவு விலையை மாற்றிவிட்டு பி.ஓ.வைத் திருத்தவில்லை. சப்ளையர் பி.ஓ. எண்ணையே எழுதவில்லை. உன் ஆட்கள் மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கிறார்கள். இதற்கிடையே சப்ளையர் ‘என் பணம் எங்கே’ என்று எழுதுகிறார், அது தனி டிக்கெட். பதில் வராததால் அதே இன்வாய்ஸை மறுபடியும் அனுப்புகிறார், அது இரட்டிப்புப் பரிசோதனைக்குப் போகும் இன்னொரு வேலை. உன் டாஷ்போர்டில் இவை எல்லாமே ‘முடித்த வேலை’. நாளின் இறுதியில் ஒருவர் எண்பது முடித்தார் என்று பச்சை காட்டும். அந்த எண்பதில் எத்தனை முதல் முறையே சரியாக நடந்திருந்தால் பிறந்தே இருக்காது? ஜான் செட்டன் என்ற ஆங்கிலேயர், சேவை அமைப்புகள் பற்றிப் பல காலம் எழுதியவர், இந்த வகை வரவைத் தோல்வியால் பிறந்த தேவை என்று தனியே பிரித்தார். சேவை மையங்களில் இது சிறு பகுதி அல்ல, பல இடங்களில் வரும் வேலையில் கணிசமான பங்கு இதுதான் என்பது அவர் வாதம். அவர் கொஞ்சம் காரமாக எழுதுபவர், இலக்கு எண்கள் என்றாலே எகிறுவார். அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தப் பிரிவினை பொன்னானது.

“ஆலைக்காரரும் கொள்முதல்காரரும் என் கட்டுப்பாட்டில் இல்லையே, என் எஸ்.எல்.ஏ. இன்வாய்ஸ் என் க்யூவுக்கு வந்த பிறகுதானே தொடங்குகிறது” என்று நீ கேட்பாய். நியாயமான மறுப்பு. ஆனால் உன்னிடம் அவர்கள் யாரிடமும் இல்லாத ஒன்று இருக்கிறது: எல்லா ஆலைகளின் தவறுகளும் ஒரே இடத்தில் வந்து விழுவதை நீ மட்டுமே பார்க்கிறாய். ஒரு ஆலையில் இருப்பவருக்கு அது எப்போதோ நடக்கும் சிறு பிசகு. உனக்கு அது மாதா மாதம் அதே ஆலையிலிருந்து, அதே காரணத்துக்காக வரும் கோர்வை. குவித்ததால் கிடைத்த உண்மையான ஆதாயம் இந்தப் பார்வைதான். அதைப் பயன்படுத்தாத மையம், வேலையை மட்டும் குவித்துவிட்டு அறிவைக் கோட்டைவிட்ட மையம். எந்த ஆலையிலிருந்து, என்ன காரணத்தால், எத்தனை என்று காட்டும் ஒரு பக்கத் தாள் அதிகாரத்தைவிட அதிகம் சாதிக்கும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் மையத்துக்கு வருமானமே முடித்த இன்வாய்ஸின் எண்ணிக்கையைப் பொறுத்தது. தேவையற்ற வேலை குறைந்தால் வருமானமும் குறையும், ஆளும் குறையும். இதற்கு இனிப்பான பதில் எதுவும் என்னிடம் இல்லை. எண்ணிக்கைக்குக் காசு கொடுக்கும் ஒப்பந்தம் தவறுகளை வாங்கி விற்கும் ஒப்பந்தம்தான். அதை மாற்றும் இடத்தில் நீ இன்று இல்லை. ஆனால் இப்படியும் பார்: ஒரு கண்ணால் பார்த்து ‘சரி’ அழுத்தும் வேலையும், அதே மின்னஞ்சலை ஆயிரம் முறை அனுப்பும் வேலையும்தான் ரோபோ மென்பொருள் முதலில் எடுத்துக்கொள்பவை. தவறான செயல்முறையைத் தானியங்கி ஆக்கினால் தவறும் தானியங்கி ஆகும். காரணம் தேடத் தெரிந்தவர்கள்தான் மிச்சமிருப்பார்கள். உன் பன்னிரண்டு பேரும் அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்றால், அவர்களுக்கு நீ இப்போதே அதற்கு நேரம் கொடுக்க வேண்டும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பாய். ஆட்களை நூற்றுக்கு நூறு வேலையில் நிரப்பி வைப்பதே திறமை என்று நம்பும் மேலாளர்கள் நிறையப் பேர். வரிசைக் கணிதம் வேறு சொல்கிறது. ஒழுங்கில்லாமல் வேலை வந்து சேரும் ஓர் எளிய வரிசையில், ஆள் 80 சதவீதம் நிரம்பியிருந்தால், ஒரு வேலை தன் முறைக்காகக் காத்திருப்பது சராசரியாக அதைச் செய்து முடிக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்கு. 90 சதவீதத்தில் ஒன்பது மடங்கு. 95-ல் பத்தொன்பது. மாதக் கணக்கு முடிக்கும் நாள்களில் உன் மையம் மூச்சுத் திணறுவது சோம்பலால் அல்ல, இடைவெளியே விடாமல் நிரப்பியதால். காத்திருப்பு நீளும்போது ‘என் பணம் எங்கே’ டிக்கெட்டுகள் கூடும், அவை அதே க்யூவை இன்னும் நீட்டும். ஆக அந்தக் கொஞ்சம் இடைவெளி வீண் செலவல்ல. மூலகாரணம் தேடுவதற்கான நேரமும் அதற்குள்தான் இருக்கிறது.

திங்கள்கிழமை டாஷ்போர்டைத் திறப்பதற்கு முன், சப்ளையர்களின் கேள்விகள் வரும் அஞ்சல்பெட்டியைத் திற. முதல் ஐம்பது கடிதங்களை நீயே வாசி. இரண்டே குவியலாகப் பிரி: வந்தே ஆக வேண்டியவை, யாரோ எங்கோ ஒன்றைச் சரியாகச் செய்யாததால் வந்தவை. இரண்டாவது குவியலின் உயரத்தை மட்டும் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்