கணினிக்கு வரைகலை அட்டை வாங்குமுன்

ரந்தாவ், சிலியாவ், லிங்கி வட்டாரத் தோட்டங்களுக்கு நாம் செல்லும்பொழுது, பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகள் இப்பொழுது மாறியிருக்கின்றன. முன்பு பள்ளிப் பாரங்களை நிரப்புவது பற்றிக் கேட்டவர்கள், "மகன் சொந்தமாகக் கம்ப்யூட்டர் பூட்டப் போகிறேன் என்கிறான். அதனுள்ளே வைக்கும் ஓர் அட்டைக்கே எண்ணூறு வெள்ளி வேண்டுமாம். இது தேவைதானா, ஐயா?" என்று கேட்கின்றனர். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்த பின்னரும், எண்ணூறு வெள்ளி என்பது ஒருவரது அரை மாத உழைப்பு. ஆகவே, அந்தக் கேள்வியை அலட்சியம் செய்தல் ஆகாது.

முதலில் அவ்வட்டை யாது செய்கிறது என்பதை அறிவோம். கணினியின் செயலியைத் தோட்டத்துக் கிராணியாருக்கு ஒப்பிடலாம். பலவகைக் கணக்குகளையும் அவர் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து முடிப்பார். ஆனால் நானூறு மரங்களை விடியற்காலையில் வெட்டி முடிக்கச் சொன்னால், தனியொருவராய் அவர் என்ன செய்வார்? அதற்கு நிரை நிரையாகப் பலர் ஒரே வேளையில் இறங்க வேண்டும். திரையில் உள்ள இருபது இலட்சம் புள்ளிகளுக்கும் நொடிக்கு அறுபது முறை நிறம் தீட்டுவது அத்தகைய வேலை. ஆயிரக்கணக்கான சிறு கணக்கர்களைக் கொண்டு அதனைச் செய்வதே வரைகலை அட்டை. கடையில் 'கிராஃபிக்ஸ் கார்ட்' என்று கேட்க வேண்டும்.

அட்டைக்கென்று தனி நினைவகம் உண்டு. இறக்கிய பாலைச் சேர்க்கும் தொட்டி போன்றது அது. தொட்டி சிறிதானால், எத்தனை பேர் வெட்டினாலும் வேலை தேங்கும். 4 ஜிபி நினைவகம் பழைய ஆட்டங்களுக்குப் போதும். புதிய ஆட்டங்கள் பலவற்றுக்கு 8 ஜிபி இருப்பதே நன்று. ஆனால் நினைவகத்தின் அளவை மட்டும் பார்த்து ஏமாறுதலும் கூடாது. 2017-இல் வந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580 அட்டையில் 8 ஜிபி உண்டு; எனினும் அது 185 வாட் மின்சாரத்தைக் குடிக்கிறது. 2021-இல் வந்த ஆர்எக்ஸ் 6600 அதே 8 ஜிபியுடன், 132 வாட்டில் அதனைவிட நன்றாக ஓடுகிறது. மேலும், 580 என்ற பெயரிலேயே '2048எஸ்பி' என்ற வால் ஒட்டிய, கணக்கர்கள் குறைக்கப்பட்ட வேறோர் அட்டையும் இணைய அங்காடிகளில் விற்கப்படுகிறது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வேண்டும்.

மின்சாரக் கணக்கே நம் இளைஞர்கள் பெரும்பாலும் மறக்கும் கணக்கு. தாய்ப்பலகையின் துளை வழியாக அட்டைக்குக் கிடைப்பது 75 வாட் மட்டுமே. அதற்கு மேற்பட்டால், 'பவர் சப்ளை' பெட்டியிலிருந்து தனிக் கம்பி வேண்டும். மலிவுப் பெட்டியை வாங்கி, அதன்மேல் விலையுயர்ந்த அட்டையை ஏற்றுவது, இற்றுப்போன வாளியில் பால் சுமப்பதாகும். பழைய அலுவலகக் கணினியை வாங்கி மேம்படுத்துவோருக்கு, தனிக் கம்பி வேண்டாத என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை (70 வாட்) பொருந்தும். அதே பெயரில் 8 ஜிபி வகையும் உண்டு. அதற்கு 130 வாட் வேண்டும். இன்டெல் நிறுவனம் 2024 டிசம்பரில் கொணர்ந்த ஆர்க் பி580, 12 ஜிபி கொண்ட நல்ல அட்டை. ஆயினும் பழைய தாய்ப்பலகைகளில் அதன் வேகம் வெகுவாகக் குறையும். புதிதாய்ப் பூட்டுவோர் மட்டும் அதனை எண்ணலாம்.

பழைய அட்டை வாங்கலாமா? வாங்கலாம், விழிப்போடு வாங்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்னும் மின்னியல் நாணயத்தின் முறை மாறியபின், அதனைத் 'தோண்ட' இரவு பகலாய் ஓடிய அட்டைகள் சந்தைக்கு வந்து குவிந்தன. அவற்றுள் நல்லவையும் உள்ளன. விசிறி தேய்ந்தவையும் உள்ளன. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய ஆட்டங்களுக்கான இயக்கி மென்பொருள் 2025 அக்டோபருடன் நின்றுவிட்டது என்பதையும் கருத்திற் கொள்க.

நாம் அறிந்த இளைஞர் ஒருவர், பகாவ் பக்கத்துத் தோட்டத்தில் இருப்பவர். தம் தாயார் கூட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் இணையவழி ஜிடிஎக்ஸ் 1050 டிஐ ஒன்றை வாங்கினார். ஆட்டம் ஓடவில்லை. ஜிபியு-இசட் என்னும் இலவச மென்பொருளால் சோதித்தபோது, பெயருக்கு முன்னால் 'போலி' என்று காட்டியது; பழைய அட்டையொன்றின் பெயரை மாற்றி விற்றிருந்தனர். தாயாரிடம் அதனைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவர் பணத்தைத் திரும்பப் பெறவில்லை. விற்றவர் கடைக்காரர் அல்லர், முகமறியாத தனியாள். பதிவுள்ள கடையாயின், மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கும், வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

ஆகவே இயன்றால் நேரில் செல்க. சிரம்பானில் கடைகள் உண்டு. கொமுட்டர் இரயிலேறிக் கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்கும் செல்லலாம். நான்கு கடைகளில் விலை கேட்டு, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, யார் தருவது என்பதை எழுதி வாங்குக.

கையிற் பணம் குறைவெனில் நம் கருத்து வேறு. ரைசன் 5 5600ஜி போன்ற, வரைகலைத் திறனைத் தன்னுள்ளேயே கொண்ட செயலியோடு தொடங்கலாம். வேலோரன்ட், டோத்தா 2 ஆகியவை அதிலேயே ஓடும், பாடமும் படிக்கலாம். அட்டையை ஓராண்டு கழித்துச் சேர்த்துக் கொள்ளலாம். இன்டெல் செயலிகளில் 'எஃப்' என்று முடிபவற்றுக்கு அத்திறன் இல்லை. அட்டையின்றித் திரையில் ஒன்றும் தெரியாது. தவணைக்குக் கடன்பட்டு அட்டை வாங்குவதை நாம் ஆதரிக்க மாட்டோம். விளையாட்டு தவறென்பதனால் அன்று. தவணை முடியுமுன்னே அட்டையின் விலை இறங்கிவிடக்கூடும் என்பதனாலேயே.

இறுதியாக ஒரு சிறு செய்தி. அட்டையைப் பூட்டியபின், திரையின் கம்பியை அட்டையிலேயே செருக வேண்டும், தாய்ப்பலகையில் அன்று. "கார்ட் கெட்டுப்போச்சு, ஐயா" என்று நம்மை அழைத்த வீடுகளுள் இரண்டில், கம்பி இருந்த இடமே கோளாறு.