ஆட்டமும் ஆசனமும் குழந்தைக்கு மருந்தாகுமா?

மேலூர்ப் பக்கம் அரிசிக்கடை வைத்திருக்கும் ஒருவர், போன மாதம் தன் மகளை என் வைத்தியசாலைக்கு அழைத்து வந்தார். தூக்கம் இல்லை, பசி இல்லை என்றார். நாடி பார்த்தேன். பெரிய கோளாறு ஒன்றும் தெரியவில்லை. பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

"டாக்டரய்யா, இவ சைக்காலஜி டிகிரி முடிச்சிட்டா. சின்னதுலேருந்து பரதம் கத்துக்கிட்டா. இப்ப யோகா டீச்சர் கோர்ஸும் படிச்சிட்டா. மூணையும் சேத்து, வளர்ச்சி குறைஞ்ச புள்ளைகளுக்குச் சொல்லித் தரப்போறாளாம். ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கிறா. வீட்ல தெனம் சண்டை. நீங்களாச்சும் புத்தி சொல்லுங்க."

நான் சொன்ன பதில் அவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இல்லாததால் ஒரு குழந்தை பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். அதில் என் தப்பும் உண்டு.

1998 என்று நினைவு. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து வந்த மிடுக்கு எனக்கு. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைத் தூக்கி வந்தார். இரண்டே முக்கால் வயது. நடந்ததே 20 மாதத்தில்தான். பேச்சு இல்லை, கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. "ஆம்பளப் புள்ளைக்குப் பேச்சு மெதுவாத்தான் வரும் தாயி, தைலம் தேய்ச்சுக் குளிப்பாட்டு" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காது கேட்கிறதா என்று பரிசோதிக்கக்கூடச் சொல்லவில்லை.

ஐந்து வயதில் மறுபடி வந்தான். அப்போதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தேன். காது நன்றாகத்தான் கேட்டது. ஆட்டிசம் என்றார்கள். இரண்டேகால் வருடம் போனது போனதுதான்.

தெருவிலிருந்த நடன ஆசிரியை ஒருவர் அவனைச் சேர்த்துக்கொண்டார். தட்டுக்கழி சத்தம் கேட்டால் காலைத் தட்டுவான். சத்தம் நின்றால் நிற்பான். 'நில்' என்றால் நிற்காத பிள்ளை! அந்தத் தாயின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஆண்டு விழா ஒத்திகை வந்தது. இருபது பிள்ளைகளின் சலங்கையும் தாளமும் ஒன்றாக ஒலித்ததும் காதைப் பொத்திக்கொண்டு தலையில் அடித்துக்கொண்டான். 'பிடிவாதம்' என்று ஆசிரியை அதட்டினார். அதன்பின் அந்த வாசற்படியை அவன் மிதிக்கவே இல்லை. யோகா ஆசிரியரோ கண்ணை மூடிப் பத்து நிமிடம் உட்காரச் சொன்னார். நடக்கிற காரியமா? மனநல ஆலோசகர் அவனால் முடியாததையெல்லாம் அழகாக எழுதிக் கொடுத்தார். சரி, நாளைக் காலையில் வீட்டில் என்ன செய்வது? அதற்கு அவரிடம் பதில் இல்லை.

மூவருமே நல்லவர்கள். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியவில்லை.

தட்டடவில் என்ன இருக்கிறது?

பரதத்தின் முதல் பாடம் தட்டடவு. அரைமண்டியில் இருந்து வலது, இடது என்று மாறி மாறித் தட்ட வேண்டும். பார்க்கச் சுலபம். ஆனால் காதில் விழும் சத்தத்துக்குக் கால் பதில் சொல்ல வேண்டும்; ஒரு காலைத் தூக்கும்போது உடம்பு சாயாமல் மற்றது தாங்க வேண்டும்; அடுத்தது எந்தக் கால் என்று நினைவிருக்க வேண்டும்; சத்தம் நின்றால் தானும் நிற்க வேண்டும். பிறகு அதையே இரட்டிப்பு வேகத்தில், அதற்கும் இரட்டிப்பில்! வளர்ச்சி பின்தங்கிய குழந்தைக்கு இதில் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடம். குழந்தை மனவியல் தெரிந்தவர் அரைமண்டியை முதலில் கேட்கவே மாட்டார். நாற்காலியில் உட்கார வைத்து ஒரு காலில் தொடங்குவார். சலங்கை பிறகு வரட்டும் என்பார்.

எதற்குப் பின் எது என்ற இந்த வரிசை நமக்குப் புதிதல்ல. நம் மதுரையில் குமரகுருபரர் பாடிய மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை எடுத்துப் பாருங்கள். கையூன்றித் தலைநிமிர்த்தும் செங்கீரை ஐந்தாம் மாதம், கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், நடந்து வரும் வருகை ஒரு வயதை ஒட்டி. பருவங்கள் குழந்தையின் வளர்ச்சிப் படிகளாகவே அமைந்திருக்கின்றன.

மதுரையில் 1904-ல் பிறந்தவர்தான் ருக்மிணி தேவி. 1936-ல் அவர் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியது எல்லோருக்கும் தெரியும். 1939-ல் மரியா மாண்டிசோரி அம்மையார் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்ததில் அவருக்கும் அவர் கணவர் அருண்டேலுக்கும் பங்கு உண்டு. மாண்டிசோரி ஒரு டாக்டர். ரோமில் மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளிடம்தான் தன் வேலையைத் தொடங்கியவர். ஆக, நடனமும் குழந்தை வளர்ப்பும் அன்றே அடையாற்றில் அடுத்தடுத்து உட்கார்ந்துவிட்டன. இரண்டையும் கைகோக்க வைத்தவர்களில் ஒருவர் பரதக் கலைஞர் அம்பிகா காமேஷ்வர். 1989-ல் சென்னையில் ரமண சுந்ரித்ய ஆலயா என்ற அமைப்பைத் தொடங்கி, ஆட்டம், பாட்டு, கதை, நாடகம் எல்லாவற்றையும் சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சியாக்கினார்.

யோகாவுக்கு ஆராய்ச்சியே உண்டு. பெங்களூரில் மனவளர்ச்சி குன்றிய 90 குழந்தைகளில் 45 பேருக்கு ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரம் 5 மணி நேரம் யோகாசனமும் மூச்சுப் பயிற்சியும் தந்தார்கள். மற்ற 45 பேரைவிட இவர்களுக்கு அறிவுத்திறனிலும் சமூகப் பழக்கத்திலும் நல்ல முன்னேற்றம் என்று 1989-ல் வெளியிட்டார்கள். 'குணமாகிவிட்டது' என்று அவர்கள் சொல்லவில்லை. யாராவது அப்படிச் சொன்னால், நானே சொன்னாலும், நம்பாதீர்கள்.

கவனம் தேவை

டவுன் சிண்ட்ரோம் குழந்தைகள் சிலருக்குக் கழுத்து மூட்டு தளர்ந்திருக்கும். டாக்டரைக் கேட்காமல் சிரசாசனம், குட்டிக்கரணம் கூடவே கூடாது. வலிப்பு உள்ள பிள்ளைக்கு வேகமாக மூச்சு விடும் பயிற்சி ஆபத்து. 18 மாதம் தாண்டியும் நடக்கவில்லை, இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால், தைலத்துக்கு என்னிடம் வருமுன் ராஜாஜி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போங்கள். காதையும் பரிசோதியுங்கள்.

அரிசிக்கடைக்காரர் விடவில்லை. "அதெல்லாம் சரிங்கய்யா, சோறு போடுமா?"

"மூணு சர்டிபிகேட் மட்டும் போடாதுண்ணே" என்றேன். சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல் போன்ற வேலைகளுக்கு 1992-ன் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். அரங்கேற்றமும் யோகா சர்டிபிகேட்டும் அதைத் தராது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005-ல் வந்த தேசிய நிறுவனத்தில் இதற்கான படிப்புகள் இருக்கின்றன. அதை முடித்துவிட்டு, சிறப்புப் பள்ளி ஒன்றில் ஓரிரு வருடம் பிள்ளைகளோடு தரையில் உட்கார வேண்டும். ஆரம்பச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை.

மகளுக்கு மருந்து எதுவும் எழுதவில்லை. முட்டுக்காடு என்று அந்தப் பெண் நோட்டில் குறித்துக்கொண்டது. அப்பா தன் மூட்டுவலிக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்கிக்கொண்டு, "அங்க ஹாஸ்டல் இருக்காங்கய்யா?" என்று கேட்டார்.